வெள்ளைச் சுவருக்குள் ஒரு வருஷக் கழுவல்

காலையில் கயிற்றில் கட்டிய கடல்பாசியைக் கஸீஜா மத்தியானம் அவிழ்த்தாள். அவிழ்த்ததையே மறுபடி கட்டினாள். இதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

சிரிக்காதீர்கள். ஜான்சிபாரின் தெற்குக் கரையில் இதைவிடக் கேவலமான வேலைகளும் உண்டு. முன்பெல்லாம் கடல் வற்றியதும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் முட்டளவுத் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். குச்சி நட்டு, கயிறு கட்டி, பாசி வளர்த்து, காய வைத்து விற்றார்கள். பிறகு ஓட்டல் வந்தது. விருந்தினர் காலில் குச்சி குத்துகிறதாம். பாசி காய்கிற வாடை அவர்களுக்கு ஆகவில்லையாம். பிடுங்கு என்றார்கள், பிடுங்கினார்கள். பிடுங்கி முடித்த பிறகு விருந்தினர்கள், "இந்த ஊர்ப் பெண்களெல்லாம் எங்கே?" என்று கேட்டார்களாம். உடனே ஓட்டல் வாசலுக்கு நேராக ஒரு கட்டில் அகலத்துக்கு நாலு குச்சி நட்டு, கஸீஜாவையும் பக்கத்து வீட்டு ரிசிகியையும் அதில் நிறுத்திவிட்டார்கள்.

"ஏண்டி கஸீஜா, உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து இந்தப் பாசிக்கே அலுத்துப் போயிருக்கும்டி" என்றாள் ரிசிகி.

"வாய மூடிக்கிட்டுக் குனி. படம் எடுக்கறான்."

"எடுக்கட்டுமே. என் பின்னழக அவன் ஊரே பாக்கட்டும். எம் புருஷனுக்குத்தான் அதோட அருமை தெரியல."

கஸீஜா சிரித்துவிட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. அவள் மனசெல்லாம் வருஷக் கழுவலில் இருந்தது. அதற்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

அந்த ஊரில் வருஷக் கழுவல் என்றால் சண்டை. ஆம்பளைகள் பச்சை வாழைமட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்குவார்கள். யார்மேல் யாருக்கு வயிற்றெரிச்சலோ அவனைத் தேடிப் போய்ச் சாத்தலாம். ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு குறையாக வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிக்க வேண்டும். வாங்குகிறவனும் திருப்பிக் கொடுப்பான். கை ஓய்ந்ததும் ஒருத்தன் மண்ணில் உட்காருவான். விட்டுவிட்டேன் என்று அர்த்தம். மற்றவன் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். இருவரும் கடலில் முங்கி எழுந்தால் தீர்ந்தது. பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடினவனோடுகூட அப்படி ராசியாகி, மறுநாள் ஒரே தோணியில் போனவர்கள் உண்டு. கடைசியில் ஓலைக் குடிசை ஒன்றைக் கொளுத்துவார்கள். புகை எழும்பிவிட்டால் பழைய வருஷம் மூடியாயிற்று. அதற்குமேல் மட்டையைத் தொடக் கூடாது. தீராத வழக்கு அடுத்த வருஷம்வரை அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

கஸீஜாவின் வீட்டில் அப்படி ஒரு வழக்கு கிடந்தது. அவள் புருஷன் வுவாய்க்கும் அவளுடைய ஒரே அண்ணன் மக்காமேக்கும் பேச்சு அற்றுப்போய் ஒரு வருஷம் ஆகிறது.

விஷயம் இதுதான். கரையோரம் அவர்கள் அப்பா வைத்த தென்னைகள் இருந்தன. மக்காமே அவற்றை ஓட்டலுக்கு விற்றான். மரங்களைத்தான் விற்றான், மண்ணை விற்கவில்லை. அந்த ஊர்க் கணக்கில் மரம் வைத்தவனுக்குச் சொந்தம், மண் யாருக்கும் சொந்தமில்லை. ஒருத்தன் வீட்டுப் பக்கம் இன்னொருத்தன் மரம் நிற்கும், காய் பறித்துக்கொண்டு போவான், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மக்காமேயின் இடத்தில் ஊரில் எவன் இருந்திருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பான். ஓட்டல்காரனுக்கு மரம் எதற்கு? மரத்தை வாங்கினவன் மண்ணும் தனதென்று சுற்றிலும் வெள்ளைச் சுவர் எழுப்பினான். வுவாய் தலைமுறையாகத் தோணி ஏற்றுகிற இடம் சுவருக்குள் போயிற்று. இப்போது அவன் தோணியைப் பாறைப் பக்கம் ஏற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை அடிப்பலகை உடைந்துவிட்டது. பள்ளிவாசல் முற்றத்தில் எல்லார் எதிரிலும் அவன் மக்காமேயைப் பார்த்து, "உங்கப்பன் எலும்பையும் வித்திருப்பியே, அதுக்கு வெலை கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டான். மக்காமே, "எங்க வீட்டுச் சோத்த மூணு வருஷம் தின்னவன்தானே நீ" என்றான். அதோடு சரி.

இப்போது கஸீஜாவின் மகள் சுபிராவுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது. வருஷக் கழுவல் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை. நாளைக் குறித்தவளே கஸீஜாதான். வுவாய் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "அந்த ஆள் வந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்." தாய்மாமன் இல்லாத கல்யாணமும் ஒரு கல்யாணமா? அப்பா இல்லாமல்தான் நடக்குமா? நடுவில் மாட்டிக்கொண்டு அவள் வருஷம் பூராவும் ஒன்றைத்தான் சொல்லிச் சமாளித்தாள்: கழுவல் வரட்டும், அடித்துக்கொண்டு தீருங்கள்.

அன்றைக்குத்தான் மக்காமே மணலில் நடந்து வந்தான். ஓட்டல் தைத்துக் கொடுத்த தங்கக்கரை அங்கி, பூவேலைத் தொப்பி. மரம் விற்றதோடு அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். விருந்தினருக்கு ஊர் வழக்கங்களை அவர்கள் பாஷையில் எடுத்துச் சொல்லுகிற வேலை. இத்தாலிய மொழியை நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தான்.

"கஸீஜா, ஒரு சேதி. இந்த வருஷம் கழுவல் மைதானத்துல இல்ல. இங்க, ஓட்டல் மணல்ல."

கஸீஜா கையிலிருந்த பாசியைத் தண்ணீரில் விட்டெறிந்தாள். "உனக்கு மூளை கீளை கழண்டு போச்சாண்ணே?"

"கத்தாதடி, ஆளுங்க பாக்கறாங்க. நான் என்ன செய்யட்டும்? ஊர்ல பாதி ஆம்பளைங்க இங்கதான் காவலும் தோட்டமுமா வேலை பாக்கறாங்க. அன்னைக்கு ஓட்டல் நெரம்பி வழியுது, ஒருத்தனுக்கும் லீவு கெடையாதுன்னுட்டான் மேனேஜர். அப்ப மைதானத்துல யாரு அடிச்சிக்குவா? பல்லு போன கெழவனுங்களா? அதான் இங்கயே வச்சிக்கலாம்னு நான் சொன்னேன். விழா நிக்காம நடக்குதுல்ல? அதுக்கு எனக்குக் கும்பிடு போடணும் நீங்கள்ளாம்."

"போட்டுட்டாலும்!" என்றாள் ரிசிகி.

கஸீஜா அண்ணனைத் தள்ளிக் கூட்டிப் போனாள். "அண்ணே, அவரோட நீ அடிச்சிக்கணும். மறந்துடல இல்ல?"

மக்காமேயின் முகம் மாறியது. அங்கியும் தொப்பியும் போய், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்த பழைய மக்காமே எட்டிப்பார்த்தான். "மறப்பேனாடி? வருஷமா எனக்கும் தொண்டையில முள்ளுதான். சுபிராவ மொதல்ல கையில வாங்கினவன் நான். அவ கல்யாணத்துல வாசல்ல நிக்காம எங்க போய் நிப்பேன்? எம் முதுகு ரெடியா இருக்குன்னு ஒம் புருஷன்கிட்ட சொல்லு."

"கழுவலன்னைக்கு எங்க வீட்டுக்கு நீதான் விருந்தாளி. சொல்லிட்டேன்."

"இன்ஷா அல்லா" என்றான் அவன்.

கழுவல் நாளில் எந்த வீட்டிலும் வெளி ஆள் ஒருவராவது உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். விருந்தாளி சாப்பிடாத வீடு அந்த வருஷம் விளங்காது. வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்துகிற ஜென்மம் அந்த ஊரில் பிறந்ததே இல்லை.

வுவாயை மசிய வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வலை முடிந்துகொண்டே, "அந்தச் சுவத்துக்குள்ள என் காலு போகாது" என்றான்.

"அடி எங்க விழுந்தா என்னங்க? மட்டை அதே மட்டை, முதுகு அதே முதுகு."

"எடமும் முக்கியந்தாண்டி. அவன் மேடையில நான் ஆடணுமா?"

"ஆட வேணாம், அடிங்க. ஒரு தடவை. நம்ம புள்ள மாமனில்லாம மணவறைக்குப் போறத ஒங்களால பாக்க முடியுமா? என்னால முடியாது. செத்துப் போயிடுவேன்."

அவன் வலை முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போனான். கடைசியில், "ஒனக்காக இல்ல. புள்ளைக்காக" என்றான். அவளுக்கு அது போதும். அவளே தள்ளித்தான் அவனை அந்தச் சுவருக்குள் அனுப்பினாள். பிற்பாடு அதை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கழுவலன்று விடியற்காலையிலேயே பிலாவ் ஆக்கினாள். பேய்க்கணவாயைத் தேங்காய்ப்பாலில் வேக வைத்தாள். மக்காமேக்கு அதென்றால் உயிர். பாய் விரித்து, நடுவில் அவன் தட்டை வைத்து மூடினாள். பிறகு இருந்ததில் நல்ல காங்காத் துணியை உடுத்திக்கொண்டு போனாள்.

வாசலிலேயே அந்தக் காங்காவை மாற்றச் சொன்னார்கள். பெண்கள் எல்லாருக்கும் ஒரே மஞ்சளில் துணி, ஆண் பெண் எல்லார் மணிக்கட்டிலும் நீலக் காகித வளையம், உள்ளூர் ஆள் என்று அடையாளம் தெரிய. மட்டைகளையும் ஓட்டல்தான் வைத்திருந்தது. கறை படியாமல் கழுவி, முழ நீளத்துக்கு நறுக்கி, மேலே பட்டை உரித்து.

"இதால அடிச்சா கொசுகூட சாவாது" என்றான் ஒரு கிழவன்.

மேனேஜர் ரெனாத்தோ ஓடியாடிக்கொண்டிருந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. எல்லாரையும் பார்த்துச் சிரித்தான், எல்லாருக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கச் சொன்னான். ஆம்பளைகளை உயரம் பார்த்து ஜோடி சேர்த்தான். யாருக்கு யார்மேல் கோபம் என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பெண்களைச் சந்தோஷமாக ஏதாவது பாடச் சொன்னான். ரிசிகி எடுத்துக் கொடுத்தாள்.

"கடலை வளைச்சுக் கட்டினவன் தொப்பையைப் பாருங்கடி, அதுக்குள்ள எத்தனை தென்னை, எண்ணிச் சொல்லுங்கடி!"

பெண்கள் கும்மாளமாகப் பாடினார்கள். விருந்தினர்கள் கைதட்டினார்கள். ரெனாத்தோவும் தொப்பை குலுங்கக் கைதட்டினான். கஸீஜாவால் பாட முடியவில்லை. அவள் கண் வுவாயைத் தேடிற்று.

மக்காமே மைக்கில் பேசிக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று சமையற்கட்டில் வேலை பார்க்கிற ஒருத்தி காதில் ஓதினாள்: "நம்ம ஜனங்களுக்குக் கோவமே தெரியாதாம். இதெல்லாம் வெளையாட்டாம்."

ஆட்டம் ஆரம்பித்தது. ஆம்பளைகள் நோகாமல் தட்டிக்கொண்டார்கள். வுவாயின் முன்னால் தோட்டக்காரன் ஒருத்தன் நின்றான். வுவாய் அவனைக் கையால் ஒதுக்கிவிட்டு நேரே மக்காமேயிடம் நடந்தான். ஊர் அப்படியே அடங்கிற்று. பாட்டு நின்றது.

"மைக்க கீழ வை" என்றான் வுவாய். ஒரு வருஷத்துக்குப் பிறகு மக்காமேயிடம் அவன் பேசின முதல் வார்த்தை.

மக்காமே திருதிருவென்று விழித்தான். "நான் இப்ப வேலையில இருக்கேன் மச்சான்."

"கீழ வைடா."

மக்காமே ரெனாத்தோவைப் பார்த்தான். ரெனாத்தோவுக்கு ஏக சந்தோஷம். போ போ என்று கைகாட்டினான். மக்காமே மைக்கை மணலில் வைத்துவிட்டு ஒரு மட்டையை எடுத்தான்.

"இது என் தோணிக்கு!" வுவாயின் முதல் அடி விழுந்தது. தொப்பி பறந்தது.

"இது எங்கப்பா எலும்ப இழுத்ததுக்கு!" மக்காமே திருப்பிக் கொடுத்தான்.

"மண்ணுக்கு!"

"மரத்தத்தாண்டா வித்தேன்! மண்ண நான் விக்கல, அல்லா அறிய விக்கல!"

"அப்ப சுவர் வந்தன்னைக்கு ஏண்டா என்கூட நிக்கல? அந்தப் பக்கம் போய் ஏன் நின்ன?"

"பயந்துட்டேண்டா! பயமா இருந்துச்சு!"

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததும் கஸீஜாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ரிசிகி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். மட்டைகள் பிய்ந்து நாராகத் தொங்கின. இருவர் முகத்திலும் வேர்வையும் கண்ணீரும். வுவாயின் கை தளர ஆரம்பித்துவிட்டது. இன்னும் நாலு அடி, இல்லை, அதுகூட வேண்டாம். உட்காரு அண்ணே, உட்காரு, என்று கஸீஜா வாய்க்குள் முணுமுணுத்தாள். மக்காமேயின் முழங்காலும் மடங்கத் தொடங்கியது. அவள் அதைப் பார்த்தாள்.

சீட்டிச் சத்தம் கேட்டது.

ரெனாத்தோ கைதட்டிக்கொண்டே நடுவில் வந்தான். கூடவே தலையில் காகித மகுடம் வைத்த ஒரு வயசாளி. அவருக்கு அன்றைக்குப் பிறந்தநாளாம். அவரும் ஒரு கை அடித்துப் பார்க்க ஆசைப்பட்டாராம். ரெனாத்தோ வுவாயின் கையிலிருந்து மட்டையைப் பக்குவமாக வாங்கினான். வுவாய்க்கு ஒன்றும் புரியவில்லை, விட்டுவிட்டான். வயசாளி சிரித்துக்கொண்டே மக்காமேயின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

மக்காமே ரெனாத்தோவைப் பார்த்தான். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, 'ஐயோ' என்று வயிற்றைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்தான்.

உட்கார்ந்தேவிட்டான்! ஒரு வருஷமாக வுவாய்க்காக வைத்திருந்த உட்காரலை அந்த மகுடக்காரருக்குக் கொடுத்துவிட்டான். அவர் கைகொடுத்துத் தூக்கினார், கட்டிப்பிடித்தார், இருவரையும் படம் எடுத்தார்கள். பிறகு அவன் கையைப் பிடித்துக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய், அலையில் நின்று தண்ணீரை வாரி இறைத்தார். ஊர்க்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

"மச்சான், நில்லு" என்று ஈர அங்கியோடு மக்காமே ஓடி வந்தான். "இவங்க சாப்பிடப் போனதும் நாம முடிச்சிக்கலாம். அரை மணி நேரம்தான். நில்லு மச்சான்."

வுவாய் அவனுக்குப் பின்னால் கையைக் காட்டினான். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் காட்டிவிட வேண்டும் என்று குடிசையைக் கொளுத்திவிட்டார்கள். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. விருந்தினர்கள் ஆகாவென்றார்கள். வுவாய் மணிக்கட்டுக் காகிதத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடந்தான்.

பொழுது சாய்கிற நேரம். கஸீஜா வீட்டில் மூடின தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வுவாய் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான். வாசலில் காலடி கேட்டது.

"ஹோடி?" உள்ளே வரலாமா என்று கேட்கிற மக்காமேயின் குரல்.

கஸீஜா துள்ளி எழுந்தாள். வந்துவிட்டான்! வருஷம் மூடினால் மூடட்டும், சொன்ன சொல்லுக்கு வந்துவிட்டானே, பாவி! ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மக்காமே நின்றான். பக்கத்தில் காகித மகுடத்தோடு அந்த வயசாளியும் நின்றார், சிரித்துக்கொண்டு, கையில் ஓட்டல் பூச்செண்டோடு.

மக்காமே அவள் கண்ணைப் பார்க்காமல் பேசினான். "இன்னைக்கு எல்லா வீட்டுக்கும் விருந்தாளி வரணும்ல. அவருக்கு உண்மையான ஊர் வீட்டுல சாப்பிடணுமாம். மேனேஜர் என்னைக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. ஒன் வீட்டத் தவிர யாரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

உள்ளே வுவாய் எழுந்து வந்தான். வயசாளியை ஏற இறங்கப் பார்த்தான். நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தினான். "விருந்தாளி உள்ள வரலாம்" என்றான். பிறகு மக்காமேயைப் பாராமலே, "கூட வந்த வேலையாள் வெளியில நிக்கலாம்" என்றான்.

மக்காமே நின்றான். வயசாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாயின் நடுவில், மூடிவைத்த அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். வேறென்ன செய்வாள் கஸீஜா? தட்டைத் திறந்தாள், பரிமாறினாள். மனுஷன் கையால் பிசைந்து, சிந்திச் சிந்தி, ரசித்துச் சாப்பிட்டார். ஏதோ சொன்னார்.

"பேய்க்கணவாய் அமிர்தமா இருக்குங்கறார்" என்றது வெளியிலிருந்து குரல்.

மறுபடி ஏதோ சொன்னார், பாயில் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"என்னையும் உள்ள வந்து உக்காரச் சொல்றார்." வாசலிலிருந்தே மக்காமே சொன்னான். "வேலை நேரத்துல சாப்பிடறதில்லன்னு சொல்லிட்டேன்."

வுவாய், வயசாளியின் தட்டில் இன்னும் வைக்கச் சொல்லிக் கைகாட்டினான். கஸீஜாவுக்குள் எதுவோ அறுந்தது. அவள் அகப்பையோடு வாசலுக்குப் போனாள். "அண்ணே, நான் சொல்றத அவர்கிட்ட அப்படியே சொல்லு. அவர் உக்காந்திருக்கற எடம் எங்க அண்ணனோடதுன்னு சொல்லு. எங்க அண்ணனுக்காக ஆக்கினதத்தான் தின்னுட்டிருக்கார்னு சொல்லு."

மக்காமே உதட்டை நனைத்துக்கொண்டான். வாசலுக்குள் தலையை நீட்டி இத்தாலிய மொழியில் என்னவோ சொன்னான். வயசாளியின் முகம் மலர்ந்தது. கண் கலங்க, கஸீஜாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டார்.

"என்ன சொன்ன?"

"விருந்தாளிய அல்லாவே அனுப்பி வச்சதா நாங்க நெனைக்கறோம்னு..." மக்காமே தரையைப் பார்த்தான். "வேற என்னடி சொல்லச் சொல்ற? எனக்கும் புள்ளக்குட்டி இருக்கு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரம் காயாத அந்த அங்கியில் மட்டையின் சாறு கோடு கோடாகப் படிந்திருந்தது. வுவாய் அடித்த அடிகள். ஓட்டலில் அதை வெளுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

"கல்யாணத்துக்கு வராத" என்றாள் கஸீஜா. "எம் புருஷன் சொல்லிச் சொல்லல. நான் சொல்றேன்."

உள்ளேயிருந்து வயசாளி, அவள் என்ன சொல்கிறாள் என்று ஆவலாக ஏதோ கேட்டார். மக்காமே முழங்கையால் முகத்தைத் துடைத்தான். சிரிப்பை மறுபடி ஒட்டிக்கொண்டு, வாசலுக்குள் தலையை நீட்டி அவருக்குப் பதில் சொன்னான்.